முதலில் தள்ளுங்கள், பிறகு இழுங்கள்



மல்லாவியில் இருந்து ஒரு தாய் இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் வருகிற மார்கழியில் கணவனிடம் கனடாவுக்குப் போகிறாளாம். "சுவெற்றர், மேஸ், தொப்பி எண்டு உடுப்பைப் பற்றி எல்லாரும் சொல்லுகினம். அதுக்கு மேலால பிள்ளை என்ன தெரிஞ்சு வைச்சிருக்கோணும்?" என்று கேட்கிறார்.

பதில் எழுத உட்கார்ந்ததும் எனக்கு நினைவு வந்தது ஒரு காரின் கதவுக் கைப்பிடி. சிரிக்காதீர்கள். அந்தக் கைப்பிடியை என் கையாலேயே உடைத்துவிட்டு வந்தவள் நான். அந்தக் காலையில் நான் படித்த பாடம், குளிர் நாட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் உதவும். விசுவமடுவில் இருக்கிற எனக்கும் உங்களுக்கும் உதவும். ஆகையால் கதையை முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

2023 கார்த்திகையில் மூத்த மகள் என்னை ஸ்காபரோவுக்குக் கூப்பிட்டாள். ரொறன்ரோ நகரின் கிழக்குப் பக்கம், எங்கள் ஆட்கள் நிறைய வாழுகிற இடம். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்று வயதுப் பேரனைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. பங்குனி வரை நின்றேன்.

என் மகளைப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும். 2009 இல் முள்ளிவாய்க்காலில் செல் துண்டு பட்டு அவளுடைய வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காமல் போய்விட்டன. அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. அந்தக் கையோடுதான் படித்தாள், தையல் பழகினாள், கடல் கடந்து போனாள், கார் ஓட்டவும் பழகினாள். குறை என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் நாங்களும் மறந்துவிட்டோம். மறந்தது பிழை என்று பிறகுதான் விளங்கியது.

தை மாதம் ஒரு நாள் பின்னேரம் மழை தூறியது. அந்த நாட்டில் சில நாட்களில் மழை நீராகவே விழும். பட்ட இடத்தில் உறைந்து கண்ணாடி போலப் படியும். உறைமழை என்று சொல்லலாம். 2013 மார்கழியில் இப்படி ஒரு உறைமழை ரொறன்ரோவில் மரங்களையும் மின்கம்பிகளையும் முறித்து, சுமார் மூன்று லட்சம் மின் இணைப்புகள் அறுந்து போனதை அங்குள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள். நான் கண்டது அவ்வளவு பெரிதில்லை. ஆனால் விடியும்போது குளிர் சைபருக்குக் கீழே 14 பாகைக்கு இறங்கியிருந்தது. முற்றத்தில் நின்ற கார் முழுவதும் பாகு காய்ச்சி ஊற்றியது போல மினுங்கியது.

அன்று பேரனுக்குக் காய்ச்சல். மருமகன் இரவு வேலையால் இன்னும் வரவில்லை. மகள் மருத்துவரிடம் நேரம் எடுத்திருந்தாள். "அம்மா, நீங்கள் போய் ஏறுங்கோ, நான் கதவைப் பூட்டிக்கொண்டு வாறன்" என்றாள். பேரன் என் இடுப்பில்.

நான் எங்கள் நாட்டுப் பழக்கத்தில் இடது பக்கம் போனேன். அங்கே இடது பக்கம் சாரதியின் இருக்கை. அதுவும் நினைவில் இல்லை. அந்தக் காரின் கைப்பிடி ஒரு பிளாஸ்ரிக் மடல். விரல் நுனிகளை அடியில் விட்டு மேலே கிளப்ப வேண்டும். கிளப்பினேன், அசையவில்லை. குழாய்க்கிணறு அடித்துப் பழகிய கை அல்லவா! முழுப் பலத்தையும் கொடுத்து ஒரு இழுவை இழுத்தேன். சடக் என்று மடல் என் கையோடு வந்துவிட்டது.

மகள் ஓடி வந்தாள். "என்னம்மா செய்தனீங்கள்?" என்றவள், உடனே குரலைத் தணித்து, "முதல் தள்ளோணும் அம்மா. தள்ளிப்போட்டுத்தான் இழுக்கோணும்" என்றாள். மற்றப் பக்கம் போய் அந்தக் கதவைத் தோளால் அமத்தினாள். பனிக்கட்டி நொறுங்கும் சத்தம் கேட்டது. ஆனால் மடலைக் கிளப்ப அவளுடைய வலது கை விரல்களால் முடியவில்லை. இடது கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் சுரண்டினாள். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். இப்படியே ஏறத்தாழ இருபது நிமிடம் போய்விட்டது.

அந்த இருபது நிமிடமும் பேரனை ஒருவரும் பார்க்கவில்லை. என் இடுப்பில் இருந்தவனைப் படியில் இறக்கி விட்டிருந்தேன். ஒரு கையுறை எங்கோ விழுந்துவிட்டது. கதவு திறந்த பிறகுதான் பார்க்கிறேன், சின்ன விரல் இரண்டின் நுனி மெழுகு போல வெளுத்திருக்கிறது. பிள்ளை அழவும் இல்லை. விறைத்துப்போனால் நோகாது அல்லவா? அழுதிருந்தால் பார்த்திருப்போம்.

மகள் அவனை உள்ளே தூக்கிக்கொண்டு போய் விரல்களைத் தன் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டாள். நான் தேய்த்துவிடப் போனேன். "தேய்க்கக் கூடாது அம்மா" என்றாள். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. பிறகுதான் அவன் வீரிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது.

கதவு ஏன் ஒட்டிக்கொள்கிறது?

பிற்பாடு மருமகன் எனக்கு ஆறுதலாக விளக்கினார். கார்க் கதவில் உறையக்கூடிய இடம் மூன்று. முதலாவது கைப்பிடியும் அதன் இடுக்கும். இரண்டாவது கதவைச் சுற்றி ஓடுகிற றப்பர் விளிம்பு. மூன்றாவது உள்ளே இருக்கிற கொளுக்கி. நாங்கள் கைப்பிடியை இழுக்கும்போது ஒரு கம்பி அல்லது கயிறு வழியாக விடுபடுகிறது அந்தக் கொளுக்கிதான்.

தண்ணீர் உறையும்போது பருக்கும். நூறு பங்கு தண்ணீர் ஏறத்தாழ நூற்றியொன்பது பங்கு பனிக்கட்டி ஆகும். இடுக்கில் நின்ற துளி பருத்து இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. றப்பருக்கும் தகட்டுக்கும் நடுவில் நின்ற ஈரம் பசை போல ஒட்டிவிடுகிறது. குளிரில் பிளாஸ்ரிக்கும் முறுகிப் போகிறது. இளக்கமாக இருந்த மடல் சுள்ளி போல முறிகிறது. என் கையில் முறிந்த காரணம் அதுதான்.

எந்த இடம் உறைந்திருக்கிறது என்பதைக் கை சொல்லிவிடும். கைப்பிடி அசையவே இல்லை என்றால் இடுக்கில் கட்டி. கைப்பிடி அசைகிறது, உள்ளே கொளுக்கி விடுபடும் சத்தமும் கேட்கிறது, ஆனால் கதவு வரவில்லை என்றால் றப்பர் ஒட்டியிருக்கிறது. கதவு திறக்கிறது, ஆனால் மூடும்போது பிடிக்காமல் திரும்பி வருகிறது என்றால் கொளுக்கி உறைந்திருக்கிறது. இந்த மூன்றாவதுதான் ஆபத்து. கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓடலாம் என்று நினைக்கக் கூடாது. காரைச் சூடாக்கிக் கொளுக்கி இளகிப் பிடிக்கிற வரை பொறுக்க வேண்டும்.

முதலில் தள்ளச் சொல்வது ஏன்? அமத்தும்போது றப்பர் விளிம்பு நசுங்கும், அதோடு ஒட்டிய பனிக்கட்டி நொறுங்கும். கதவின் விளிம்பு நெடுகத் தோளாலோ உள்ளங்கையாலோ அமத்திக்கொண்டு வந்தால் ஒட்டியிருந்த கட்டி வெடித்து விடும். பிறகு இழுத்தால் கதவு சாதாரணமாக வரும். ஒரு கதவு மறுத்தால் மற்றக் கதவுகளைப் பாருங்கள். காற்றும் மழையும் படாத பக்கத்துக் கதவு பெரும்பாலும் இளக்கமாக இருக்கும். அதனால் ஏறி உள்ளே சூடு போட்டால் மற்றவையும் இளகும். நான் சேலையோடு அந்தப் பக்கத்தால் ஏறி இந்தப் பக்க இருக்கைக்குத் தவழ்ந்ததைப் பார்த்துப் பேரன் சிரித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கொதிநீர் ஊற்றக் கூடாது. கண்ணாடி திடீர்ச் சூட்டில் வெடிக்கலாம். ஊற்றிய தண்ணீரும் சிறிது நேரத்தில் உறைந்து முன்னையிலும் இறுகும். வாயால் ஊதவும் கூடாது, மூச்சில் இருக்கிற ஈரம் உறையும். ஈரக் கையால் வெறும் இரும்பைத் தொடக் கூடாது. தோல் ஒட்டிக்கொள்ளும். சிறுவர்கள் விளையாட்டாக நாக்கை வைப்பதும் உண்டு, சொல்லி வையுங்கள். உப்புத் தூவினால் பனி இளகும் என்பது உண்மை, தெருவில் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் காரின் தகட்டை உப்பு தின்றுவிடும்.

நான் என் பங்குக்கு, "றப்பருக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசினால் என்ன?" என்று கேட்டேன். மருமகன் சிரித்துக்கொண்டு குசினிப் போத்தலைக் காட்டினார். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழேயே கட்டியாகத் தொடங்கிவிடும். எங்கள் ஊரிலேயே மார்கழி விடியலில் வெள்ளையாகி நிற்கும் அல்லவா? அந்தக் குளிரில் அது மெழுகுதிரி. றப்பரைத் துணியால் துடைத்துக் காய வைத்து, சிலிக்கோன் என்கிற வழுவழுப்பான இஸ்பிறேயைப் பூசுவார்கள். தண்ணீர் அதில் ஒட்டாது. திறப்புப் போடும் துளைக்கு மதுசாரம் கலந்த இஸ்பிறே உண்டு. மதுசாரம் அந்தக் குளிரிலும் உறையாது. ஆனால் இஸ்பிறேயைக் காருக்குள்ளே வைத்துவிட்டு வெளியே நின்று தேடக் கூடாது. அது கைப்பைக்குள் இருக்க வேண்டும்.

காரைச் சூடாக்கும்போது இன்னொரு கவனம். பின்னால் இருக்கிற புகைக்குழாயைப் பனி மூடியிருந்தால் முதலில் அதைத் துப்புரவாக்க வேண்டும். அடைபட்டால் காபன் மொனொக்சைட் என்ற நஞ்சு வாயு உள்ளே ஏறும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓட விடுவதும் அதே ஆபத்துத்தான்.

யாருடைய கைக்கு?

உடைந்த கைப்பிடியைத் திருத்துவதைவிடக் காரையே மாற்றலாம் என்று மருமகன் யோசித்தார். அதுவும் பழைய கார்தான். கைப்பேசியில் ஒரு புதுக் காரின் படத்தைக் காட்டினார். பார்க்க வடிவு. கதவில் கைப்பிடியே தெரியவில்லை. தகட்டோடு தகடாகப் படிந்திருந்தது.

இந்த வகைக் கைப்பிடி பரவியது 2012 இல் ரெஸ்லா நிறுவனத்தின் மொடல் எஸ் கார் வந்த பிறகு. காற்று வழுக்கிப் போகும், தடை குறையும் என்பது ஒரு காரணம்; அழகு இன்னொரு காரணம். சிலவற்றில் ஆள் கிட்ட வந்ததும் கைப்பிடி மோட்டாரால் வெளியே வரும். சிலவற்றில் ஒரு முனையைப் பெருவிரலால் அமத்த மறுமுனை கிளம்பும், அதை மற்ற விரல்களால் பிடித்து இழுக்க வேண்டும்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா நேரில பாத்திட்டு முடிவெடுப்பம்" என்றாள் மகள். போனோம். அங்கே அவள் செய்ததை நான் மறக்கமாட்டேன். காட்சிக்கு நின்ற காரின் முன்னால் நின்று தடித்த கையுறையைப் போட்டாள். மரக்கறிப் பையை முழங்கையில் கொளுவினாள். மகனை இடது கையில் தூக்கினாள். "இப்ப நான் வேலை முடிஞ்சு கடைக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வலது கையால் கதவைத் திறக்கப் பார்த்தாள். பெருவிரல் அமத்தியது. மடங்காத விரல்கள் பிடிக்கவில்லை. கைப்பிடி திரும்பி உள்ளே போய்விட்டது. இரண்டாம் தரம், மூன்றாம் தரம். வெயில் போல வெளிச்சம் போட்ட, சூடான மண்டபத்துக்குள் நிற்கிற கதவு அது. பனியில் நின்றால்?

மருமகன் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற சாதாரணக் காருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அதன் கைப்பிடி வெளியே வளைந்து நிற்கிற வகை. அடியில் முழுக் கையும் நுழையும். கையுறையோடு நுழையும். விரல் மடங்காவிட்டாலும் மணிக்கட்டைக் கொடுத்து இழுக்கலாம். ஒரே இழுவையில் திறந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவர், "உமக்கு அந்தப் பழைய மடலும் இவ்வளவு நாளும் கஷ்டமாத்தானே இருந்திருக்கும். ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். மகள், "நீங்கள் கேக்கேல்லையே" என்றாள். அவ்வளவுதான். வளைந்த கைப்பிடி வைத்த காரையே வாங்கினார்கள்.

எங்கள் வீட்டு விடயம் என்று இதை ஒதுக்க முடியவில்லை. 2025 புரட்டாதியில் அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2021 ஆம் ஆண்டு ரெஸ்லா மொடல் வை கார்கள் பற்றி ஒரு விசாரணை தொடங்கியது. சுமார் 1,74,000 கார்கள். சிறிய பற்றறி வலுவிழந்தால் வெளிக் கைப்பிடி வேலை செய்யாமல் போகிறது என்பது முறைப்பாடு. பிள்ளையை உள்ளே வைத்துவிட்டுக் கதவைத் திறக்க முடியாமல் கண்ணாடியை உடைத்த பெற்றோரும் முறைப்பாடு செய்தவர்களுள் இருந்தனர். சீனாவோ 2026 மாசியில் ஒரு விதியை வெளியிட்டது. 2027 தை முதலாம் திகதி தொடக்கம் அங்கே வருகிற புதிய வகைக் கார்களின் கதவுகளுக்கு, மின்சாரம் இல்லாமலே உள்ளும் புறமும் திறக்கக்கூடிய பொறி இருக்க வேண்டும். வெளிக் கைப்பிடியில் கை நுழைய ஆகக் குறைந்தது 60 மில்லிமீற்றர் நீளம், 20 மில்லிமீற்றர் அகலம், 25 மில்லிமீற்றர் ஆழம் இடம் விட வேண்டும். பெரிய நாடொன்று கை நுழையும் இடத்தை மில்லிமீற்றரில் அளந்து சட்டமாக்கி இருக்கிறது என்று வாசித்தபோது, காட்சி மண்டபத்தில் மரக்கறிப் பையோடு நின்ற என் மகளைத்தான் நினைத்தேன். அவள் சட்டம் வருவதற்கு முன்னமே அளந்து பார்த்தவள்.

கைப்பிடியை யாருக்காகச் செய்கிறோம்? பலமான, சூடான, வெறுமையான கைக்கு எந்தக் கைப்பிடியும் திறக்கும். விறைத்த கைக்கு, நோய்ப்பட்ட கைக்கு, பிள்ளையைச் சுமக்கிற கைக்குத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். விபத்து நேரத்தில் வெளியில் இருந்து ஒருவர் முழுப் பலத்தோடு இழுக்கப் பிடி கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாகனம் வாங்குவது ஆண்களின் பேச்சு என்று நாங்கள் விலகி நிற்கிறோம். பிள்ளையோடும் பையோடும் அந்தக் கதவை நாளுக்கு நாலு தரம் திறப்பது பெரும்பாலும் நாங்கள்தானே.

எங்கள் முற்றத்தில்

வன்னியில் உறைபனி இல்லை, எங்களுக்கு ஏன் இந்தக் கதை என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் கைப்பிடி சுடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய வாடகைக் கார்கள் உங்களுக்கு நினைவிருக்கும். சித்திரை வெயிலில் நின்ற காரின் இரும்புக் கைப்பிடியைச் சேலைத் தலைப்பால் பிடித்துத்தான் திறப்போம். இரும்பு சூட்டையும் குளிரையும் கைக்கு விரைவாகக் கடத்தும். அங்கே கையுறை, இங்கே சேலைத் தலைப்பு.

குளிரும் எங்களுக்குப் புதிதில்லை. 2022 மார்கழியில் மண்டோஸ் புயல் கடந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரில் விறைத்துச் செத்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. அன்று தண்ணீர் உறையவில்லை. மழையில் நனைந்த உடம்பும் விடாத காற்றும் போதுமாக இருந்தன. மனிதருக்கும் அதே கணக்குத்தான். ஈரமும் காற்றும் சேர்ந்தால் உடம்பின் சூட்டை இழுத்துவிடும். மழையில் நனைந்து வருகிற பிள்ளைக்கு முதலில் ஈர உடுப்பை மாற்றுங்கள், பிறகு தேத்தண்ணி கொடுங்கள்.

கைப்பிடிக்கு வருகிறேன். போரில் கையில் காயப்பட்ட பெண்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். மூட்டுவாதம் பிடித்த ஆச்சிமார் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டு மலசலகூடக் கதவில் என்ன கொண்டி இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? சின்ன இரும்புக் கொண்டி, துருப்பிடித்து இறுகியிருக்கும். அல்லது உருண்டைக் குமிழ், ஈரக் கையில் வழுக்கும். உள்ளே போனவர் திறக்க முடியாமல் தவித்தாலும் வெட்கத்தில் கூப்பிடமாட்டார். உருண்டைக் குமிழை எடுத்துவிட்டு நீட்டுக் கைப்பிடி போட்டால் முழங்கையாலும் அமத்தித் திறக்கலாம். எங்கள் அயலில் ஒரு கையை இழந்த ஒருவர் படலைக் கொளுவியில் கயிற்று வளையம் ஒன்று கட்டி வைத்திருக்கிறார். தண்ணீர்க் குடத்தோடு வந்தாலும் முழங்கையைக் கொடுத்து இழுப்பார். ஒரு முழம் கயிறுதான் செலவு.

மல்லாவித் தாய்க்கு

அம்மா, உங்கள் மகளிடம் நான் சொல்லச் சொல்வது இவைதான்.

வெளியே போகுமுன் வானிலை கேட்கட்டும். கனடாவில் வெப்பநிலையோடு காற்றுக் குளிரின் அளவையும் சொல்வார்கள். அது சைபருக்குக் கீழே 28 ஐத் தாண்டினால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையக்கூடும். ஒரு தடித்த உடுப்பைவிட மெல்லிய உடுப்பு இரண்டு மூன்றை ஒன்றன் மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. விரல் பிரியாத கையுறையில் விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும்.

விரலோ காதோ மூக்கோ வெளுத்து உணர்ச்சி கெட்டால் தேய்க்க வேண்டாம், பனியால் உரச வேண்டாம், அடுப்புச் சூட்டில் பிடிக்க வேண்டாம். உணர்ச்சி இல்லாத தோல் சுட்டாலும் தெரியாது. கமக்கட்டுக்குள் வைக்கட்டும், அல்லது உடம்புச் சூட்டளவான இளஞ்சூட்டு நீரில் வைக்கட்டும். நிறம் திரும்பாவிட்டால், கொப்புளம் போட்டால், உடனே மருத்துவரிடம் போகட்டும்.

கார்க் கதவைத் தள்ளிவிட்டு இழுக்கட்டும். மின்சாரத்தில் திறக்கிற கதவென்றால், மின்சாரம் நின்றால் உள்ளே இருந்து கையால் திறக்கிற நெம்பு எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு அறிந்து, ஒருதரம் இழுத்துப் பார்க்கட்டும். பின் இருக்கைக்கும் கேட்கட்டும். அங்கேதான் பிள்ளை இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் கதவு, பிறகு பிள்ளை. கதவு திறந்து, உள்ளே சூடு வந்த பிறகுதான் பிள்ளையை வீட்டில் இருந்து வெளியே தூக்க வேண்டும். அன்று இதை நாங்கள் செய்திருந்தால் அந்த இரண்டு விரலும் வெளுத்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். தனக்கு ஒரு பொருள் கையில் பிடிபடவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லட்டும். என் மகள் பல வருடம் சொல்லாமல் சமாளித்தாள். நான் தாய், நானும் கேட்கவில்லை. குளிர் வந்து ஒரு மடலை உடைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நடந்தது. உங்கள் வீட்டில் அதற்கு முன்னமே நடக்கட்டும்.

உடைந்த அந்த மடலை நான் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது அது எங்கள் கோழிக்கூட்டுக் கதவில் இருக்கிறது. ஆச்சி கையால் இலேசாகத் திறக்கிறது. விசுவமடுவில் உறைபனி இல்லாதபடியால் இன்னும் கொஞ்சக் காலம் உடையாமல் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் சந்திப்போம். உங்கள் வீட்டில் எந்தக் கதவு யாருக்குத் திறக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று ஒருதரம் கேட்டுப் பார்த்து எழுதுங்கள்.